மழைக்காட்டு மரமும் நம் வீட்டுப் பலகையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புது வீட்டுக்குச் சாவி வாங்கிய கையோடு தச்சரைத் தேடுகிறவர்கள், புகைமூட்டம் வந்தால் பள்ளிக்குத் திட்ட வேலை செய்யும் பிள்ளைகள், வார இறுதியில் புக்கிட் தீமா ஏறுகிறவர்கள் எனப் பலர் கேட்டவை இவை. மர வியாபாரத்தில் பல ஆண்டுகள் இருந்தவன் என்பதால் என்னிடம் கேட்கிறார்கள். வெட்டுவதற்கென்று சிங்கப்பூரில் காடு இல்லை. ஆனால் நம் அலமாரிக்கும் கதவுக்கும் எங்கோ ஒரு மரம் சாய்கிறது, அது எப்படிச் சாய்கிறது என்பதைப் பற்றித்தான் இந்தப் பக்கம்.

மரம் வெட்டுவதையே அடியோடு தடை செய்துவிட்டால் என்ன?

சில இடங்களில் அதுதான் சரி. போர்னியோ தீவில், மலேசியாவின் சாபா மாநிலத்தில் இருக்கும் டானும் பள்ளத்தாக்கு போல ரம்பம் படாத தாழ்நிலக் காடு இன்று அரிதாகிவிட்டது. அங்கே ஒரு மரத்தைக்கூடத் தொடக்கூடாது. ஆனால் எல்லாக் காட்டுக்கும் இதே தீர்ப்பை எழுதினால் இரண்டு தொல்லைகள் வருகின்றன.

முதல் தொல்லை, வெட்டு இடம் மாறிவிடும். 1988 நவம்பரில் தெற்குத் தாய்லாந்தில் பெருவெள்ளம் வந்தது. மலைச்சரிவின் மண்ணும் மரக்கட்டைகளும் ஊர்களுக்குள் அடித்து வந்து நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். 1989 ஜனவரியில் அரசாங்கம் இயற்கைக் காடுகளில் வணிக மரவெட்டை நிறுத்தியது. மரத்தின் தேவை மட்டும் நிற்கவில்லை. வியாபாரம் எல்லை தாண்டி மியன்மார், லாவோஸ், கம்போடியா காடுகளுக்குப் போனது.

இரண்டாவது, வருமானம் இல்லாத காட்டின் மீது வேறு கண்கள் விழும். "ஏற்கெனவே வெட்டிச் சீரழிந்த காடுதானே, செம்பனை போட்டுவிடலாம்" என்ற பேச்சு அப்போதுதான் எழுகிறது. இது எனக்குக் கோபம் வரவைக்கும் பேச்சு. ஏனென்றால் வெட்டப்பட்ட காடு செத்த காடு அல்ல. நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து 2012-ல் வந்த ஒரு மதிப்பீடு, ஒரு முறை தெரிந்தெடுத்து வெட்டிய வெப்பமண்டலக் காட்டில் பாலூட்டி, பறவை, பூச்சி, தாவர இனங்களில் 85 முதல் 100 விழுக்காடு வரை தங்கிவிடுகின்றன என்கிறது. மரங்களில் தேங்கியிருந்த கரிமத்தில் 76 விழுக்காடும் மிஞ்சுகிறது. சாபாவில் இரண்டு முறை வெட்டுப்பட்ட காட்டிலும்கூட, கன்னிக்காட்டுப் பறவை இனங்களிலும் சாணவண்டு இனங்களிலும் முக்கால் பங்குக்கு மேல் இருந்தன. செம்பனைத் தோட்டத்தில் அதெல்லாம் நடக்காது.

பெரிய மரம் ஒன்றிரண்டு மட்டும்தானே வெட்டுகிறார்கள்? அதில் என்ன அவ்வளவு சேதம்?

போர்னியோவில் ஒரு ஹெக்டேருக்குச் சுமார் பத்து மரம் வரை எடுப்பது வழக்கமாக இருந்தது. அமேசானில் இதைவிடக் குறைவு. மெராந்தி, கெருயிங், காப்பூர் போன்ற டிப்டெரோகார்ப் குடும்பத்து மரங்களுக்குத்தான் கிராக்கி. 50 மீட்டர் உயரம், மேலே பரந்த கிளைத்தொகுதி. அது சும்மா விழாது. மழைக்காட்டில் தடித்த கொடிகள் மரத்துக்கு மரம் தாவி உச்சிகளைப் பின்னி வைத்திருக்கும். ஒன்றைச் சாய்த்தால் பக்கத்து மரங்களையும் இழுத்துக்கொண்டு சாயும்.

அதற்குப் பிறகு நடப்பதுதான் பெரும்பாலோர் அறியாதது. விழுந்த கட்டையைத் தேடிப் புல்டோசர் காட்டுக்குள் புகும். ஓட்டுநர் கையில் வரைபடம் இருக்காது. கட்டை எங்கே கிடக்கிறதென்று வளைந்து வளைந்து தேடுவார், போகிற வழியில் இளமரங்களைத் தள்ளுவார், தகட்டை இறக்கி மேல்மண்ணையும் வழித்துக்கொண்டு போவார். கூலி என்பது எடுத்த கட்டையின் அளவுக்குத்தான், மிதித்த நாற்றுக்குப் பிடித்தம் கிடையாது. சங்கிலி கட்டி இழுத்த தடத்தில் மண் இறுகிப்போய் பல ஆண்டுகளுக்கு ஒன்றும் சரியாக முளைக்காது. மழை பெய்தால் அந்தத் தடமே வாய்க்கால். வண்டல் நேராக ஓடைக்குள் போகும், கீழே ஆறு தேநீர் நிறத்துக்கு மாறும்.

ஆக, எடுத்த மரத்தால் வந்த இழப்பைவிட, எடுக்காத மரங்களுக்கு நேர்ந்த கதிதான் பெரிய இழப்பு. அதைத் தவிர்க்கலாம் என்பதுதான் நல்ல செய்தி.

'தாக்கம் குறைந்த மரவெட்டு' என்கிறார்களே, அதில் என்ன செய்கிறார்கள்?

ராக்கெட் அறிவியல் ஒன்றும் இல்லை. வெட்டுவதற்கு முன்னால் யோசிப்பது, அவ்வளவுதான். ஆனால் அந்த யோசனையை வரிசையாகச் செய்யவேண்டும். ஐநாவின் உணவு, வேளாண் அமைப்பு 1996-ல் இதற்கென மாதிரி நடைமுறைக் கோவை ஒன்றையே வெளியிட்டது.

ரம்பம் வருவதற்குப் பல மாதங்கள் முன்பே கணக்கெடுப்பு நடக்கும். வெட்டத் தகுந்த ஒவ்வொரு மரத்துக்கும் எண் கொடுத்து, மேடு பள்ளம் ஓடை எல்லாவற்றையும் சேர்த்து வரைபடத்தில் குறிப்பார்கள். விதை தரும் தாய்மரங்கள், கிளிகளும் இருவாச்சிகளும் கூடு கட்டும் பொந்து மரங்கள், அத்தி போலப் பழம் தரும் மரங்கள் ஆகியவற்றுக்கு விலக்கு. தாய்மரத்தை விடுவது வெறும் இரக்கத்தால் அல்ல. டிப்டெரோகார்ப் மரங்கள் ஆண்டுதோறும் காய்க்காது. சில ஆண்டுகளுக்கு ஒரு முறை காடே சேர்ந்து பூத்துக் காய்த்துக் கொட்டும். அந்த விதைகள் மண்ணில் காத்துக்கிடப்பதும் இல்லை, விழுந்தவுடன் முளைக்கும் அல்லது அழியும். காய்க்கும் பருவத்துக்கு முன்பே தாய்மரத்தை எடுத்துவிட்டால் அங்கே அடுத்த தலைமுறை கிடையாது.

கணக்கெடுக்கும்போதே கொடிகளையும் வெட்டிவிடுகிறார்கள். மரம் சாய்ப்பதற்குள் அவை காய்ந்து இற்றுப்போகும், பக்கத்து மரங்களை இழுக்காது. காட்டுக்கே மிகவும் மலிவாகச் செய்யக்கூடிய உதவி இதுதான் என்று நினைக்கிறேன்: ஒரு வெட்டுக்கத்தியும் ஓர் ஆளும் போதும். ஆனால் கொடிகளும் பூச்சி, குரங்குகளுக்கு உணவு என்பதால், காடு முழுக்க வழித்தெடுக்காமல் வெட்டப்போகும் மரத்தைச் சுற்றி மட்டும் வெட்டுவது நல்லது.

அடுத்தது இழுப்புத் தடம். எந்த வழியாகக் கட்டையை இழுக்கவேண்டும் என்பதை முன்கூட்டியே வரைந்து, வழியோர மரங்களில் சாயம் பூசிக் குறிப்பார்கள். புல்டோசர் அந்தக் கோட்டை விட்டு இறங்கக்கூடாது. கட்டை தள்ளிக் கிடந்தால் வண்டி நின்ற இடத்திலிருந்து இரும்புக் கயிற்றை நீட்டி வின்ச் மூலம் இழுக்கவேண்டும். மலேசியாவில் நீண்ட கயிறு கொண்ட எந்திரங்களும் பயன்படுகின்றன, செங்குத்தான இடங்களில் ஹெலிகாப்டரால் தூக்குவதும் உண்டு. மரத்தை எந்தப் பக்கம் சாய்ப்பது என்பதும் தடத்தை ஒட்டியே முடிவாகும். சாய்க்கும் முன் ரம்ப நுனியை நடுமரத்துக்குள் செலுத்தி உள்ளே பொந்தா என்று பார்ப்பார்கள். பொந்து மரத்தை வெட்டிப்போட்டு அங்கேயே விட்டுவிட்டுப் போவது பழைய முறையில் சர்வசாதாரணம். அது காட்டுக்கும் நட்டம், முதலாளிக்கும் நட்டம், ஆந்தைக்கு மட்டும் வீடு போனது.

ஓடைக்கரையில் சாபாவில் இரு பக்கமும் 30 மீட்டர் அகலத்துக்கு விலக்கு. மிகச் சரிவான நிலத்திலும் புல்டோசருக்கு அனுமதி இல்லை. ஈரமண்ணில் வேலை நிற்கும். வேலை முடிந்ததும் தடத்தின் குறுக்கே மேடுகள் போட்டு நீரைப் பக்கவாட்டில் திருப்பிவிட்டு, தற்காலிகப் பாலங்களையும் எடுத்துவிடவேண்டும். கடைசி லாரி போன பிறகு இதைச் செய்யக் கூலி கொடுக்க யாருக்கும் மனம் வருவதில்லை. அதனால்தான் பெரும்பாலும் இந்தப் பகுதி காகிதத்திலேயே தங்கிவிடுகிறது.

இதனால் உண்மையிலேயே சேதம் குறைகிறதா?

குறைகிறது. 1992 முதல் சாபாவில் அமெரிக்க மின்நிறுவனம் ஒன்று, தன் கரிம வெளியேற்றத்துக்கு ஈடாக, யாயாசான் சாபா என்ற மாநில அறநிறுவனத்தின் காட்டில் இந்த முறைக்குப் பணம் கொடுத்தது. உலகிலேயே முதன்முதலில் நடந்த இத்தகைய சோதனைகளில் அது ஒன்று. பழைய முறையில் வெட்டிய பகுதியில் மிஞ்சிய சிறிய, நடுத்தர மரங்களில் ஏறக்குறைய 40 விழுக்காடு சேதமானது. புதிய முறையில் அது சுமார் 15 விழுக்காடு. இரண்டுமே ஒரே காட்டுப் பகுதி.

உலகளவில் பார்த்தால், 2019-ல் வெளியான கணக்கு ஒன்று, வெப்பமண்டல மரவெட்டால் வரும் கரிம வெளியேற்றத்தை 44 விழுக்காடு குறைக்கலாம், அதுவும் எடுக்கும் மர அளவைக் குறைக்காமலே என்கிறது.

அப்படியானால் ஏன் எல்லாரும் செய்வதில்லை? செலவு அதிகமா?

இங்கே இரண்டு ஊர்க் கதைகளைச் சொல்லவேண்டும். பிரேசிலின் பாரா மாநிலத்தில் நடந்த ஓர் ஒப்பீட்டில், திட்டமிட்ட வெட்டு ஒரு கன மீட்டருக்கு 12 விழுக்காடு மலிவாக அமைந்தது. சமதரை. எந்திரம் வீணாக அலையவில்லை, வெட்டிய கட்டை காட்டில் கிடந்து அழுகவில்லை. முதலாளிக்கே லாபம்.

சாபாவில் கதை வேறு. மலை, சரிவு, ஓடை. விலக்கு என்று ஒதுக்கும் நிலமே கணிசமாகிவிடும், அங்கே நிற்கும் மெராந்தியை விட்டுவிட்டு வரவேண்டும். பயிற்சிச் செலவும் சேரும். அங்கே இது வெட்டுகிறவருக்குக் கட்டுப்படியாகவில்லை. யாராவது அந்த வித்தியாசத்தைக் கொடுக்கவேண்டும்: கூடுதல் விலை கொடுத்து வாங்குபவர், அல்லது கரிமத்துக்குப் பணம் தருபவர், அல்லது சட்டம் போட்டுச் செய்யவைக்கும் அரசாங்கம். வெட்டு உரிமம் சில ஆண்டுக்கு மட்டும் என்றால், 30 ஆண்டு கழித்து வளரப்போகும் மரத்துக்காக இன்று யார் கவலைப்படுவார்? நீண்டகால உரிமம், தடத்தை விட்டு இறங்கினால் அபராதம், கட்டை அளவுக்கு மட்டுமல்லாமல் வேலைத் தரத்துக்கும் சேர்த்துக் கூலி ஆகிய மூன்றும் இல்லாமல் எந்த வழிகாட்டிப் புத்தகமும் காட்டுக்குள் போய்ச் சேராது.

நன்றாக நடக்கும் இடம் ஒன்றைச் சொல்லுங்கள்.

சாபாவின் டெராமாக்கோட். ஏறக்குறைய 55,000 ஹெக்டேர். முன்பு கண்டபடி வெட்டப்பட்ட காடு. ஜெர்மானிய உதவியோடு சாபா வனத்துறை அதைச் சீர்செய்து, 1997-ல் எஃப்எஸ்சி சான்றிதழ் பெற்றது (காட்டைப் பொறுப்போடு நடத்துகிறவர்களுக்கு அனைத்துலக அமைப்பு ஒன்றின் விதிப்படி தரப்படுவது). வெப்பமண்டல இயற்கைக் காட்டுக்கு அது முன்னோடி. காட்டைப் பல பிரிவுகளாக்கி ஆண்டுக்கு ஒரு சில பிரிவுகளில் மட்டும் வெட்டுகிறார்கள். கட்டைகள் ஏலத்தில் சான்றிதழுக்கென்று கூடுதல் விலைக்குப் போகின்றன. உராங் ஊத்தான் இருக்கிறது. போர்னியோவின் ஐந்து காட்டுப்பூனை இனங்களையும் பார்க்க இரவு வண்டிகளில் சுற்றுலாப் பயணிகள் வருகிறார்கள். மரம் வெட்டும் காட்டுக்குப் படைச்சிறுத்தை என்ற காட்டுப்பூனையைப் பார்க்கப் போகிறார்கள் என்பதே வேடிக்கைதான்.

ரோடு போடுவதைப் பற்றி ஏன் எல்லா நிபுணர்களும் இவ்வளவு பேசுகிறார்கள்?

மரம் ஒரு முறை போகும், ரோடு அங்கேயே இருக்கும். லாரிக்காகப் போட்ட செம்மண் பாதையில் பிறகு வேட்டைக்காரர் மோட்டார் சைக்கிளில் வருவார், திருட்டு மரவெட்டு வரும், நிலம் பிடிப்போர் வருவார்கள். ஓடைகளில் சேரும் வண்டலில் பெரும்பங்கும் ரோட்டிலிருந்தும் தடத்திலிருந்தும்தான். எனவே குறைந்த நீளம், குறைந்த அகலம், வேலை முடிந்ததும் மறித்து மூடுவது ஆகியவை முக்கியம். என்னைக் கேட்டால், மூடப்படாத ஒரு ரோட்டைவிட ஹெக்டேருக்கு ஒரு மரம் கூடுதலாக வெட்டுவது தேவலை.

காட்டில் வாழும் மக்கள்?

1987-ல் சரவாக்கின் பாராம் பகுதியில் பெனான் பழங்குடி மக்கள் லாரிப் பாதைகளை மறித்து நின்றது உலகச் செய்தியானது. சாகோ பனை, பழமரம், முன்னோர் புதைத்த இடம் எல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும், வரைபடக்காரருக்குத் தெரியாது. அவர்களிடம் முன்கூட்டியே கேட்டு, மறுக்கும் உரிமையோடு ஒப்புதல் பெறாமல் செய்யும் எந்த வெட்டையும் நல்ல வெட்டு என்று சொல்லமாட்டேன்.

வெட்டிய காடு பழையபடி ஆகுமா?

இனங்கள் பெரும்பாலும் திரும்பும். மரத்தின் கனம் திரும்பாது, அல்லது நாம் காத்திருக்கும் காலத்துக்குள் திரும்பாது. மேலே சொன்ன 2012 மதிப்பீட்டின்படி, முதல் வெட்டுக்குப் பிறகு அடுத்த சுற்றில் கிடைக்கும் மரம் சுமார் 46 விழுக்காடு குறைகிறது. முதல் முறை எடுத்தது பல நூற்றாண்டு வளர்ந்த மரம், 30 ஆண்டில் அது எப்படி வரும்? 'நீடித்த' என்று முத்திரை குத்திய மரத்தைப் பற்றியும் இந்த ஐயம் எனக்கு உண்டு. சுழற்சிக் காலத்தை நீட்டவேண்டும், எடுக்கும் அளவைக் குறைக்கவேண்டும், இடைவெளிகளில் நாற்று நடவேண்டும். பயிற்சி பெற்ற வெட்டாளர் மட்டும் இதைச் சரிசெய்துவிட முடியாது.

நமக்கு வரும் புகைமூட்டத்துக்கு மரவெட்டுதான் காரணமா?

நேரடிக் காரணம் தீ. பெரும்பாலும் இலைதழை மக்கிச் சேர்ந்த கரிநிலங்களைத் தோட்டமாக்க வைக்கும் தீ. 2013 ஜூன் 21-ல் நம் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 401-ஐத் தொட்டதை மறந்திருக்கமாட்டீர்கள். அதற்கு அடுத்த ஆண்டே எல்லை தாண்டிய புகைமூட்டத்துக்கு எதிரான சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. மரவெட்டு இதற்கு வழி திறந்துவிடுகிறது: உச்சிகள் திறந்து வெயில் புகுந்து காடு காய்கிறது, கிளைக்குப்பை எரிபொருளாகிறது. கரிநிலச் சதுப்பில் கட்டைகளை மிதக்கவிட வெட்டும் கால்வாய் நிலத்தடி நீரை வடித்து, மண்ணையே எரியும் பொருளாக்குகிறது. கட்டுப்பாட்டோடு வெட்டிய ஈரக்காடு எளிதில் பற்றுவதில்லை.

சிங்கப்பூருக்கு இதில் என்ன பங்கு?

ஒரு காலத்தில் பெரிய பங்கு. நம் தீவின் காடே 19-ஆம் நூற்றாண்டில் கம்பீர் (தோல் பதனிட உதவும் சாறு தரும் செடி), மிளகுத் தோட்டங்களுக்காகப் போனது. கம்பீர் இலையைக் கொதிக்கவைக்க விறகு வேண்டியிருந்ததால் தோட்டத்தைச் சுற்றியிருந்த காடும் அடுப்புக்குப் போயிற்று. பிறகு அண்டை நாட்டுக் கட்டைகளை அறுத்து ஏற்றுமதி செய்யும் ஊரானோம், சுங்கை காடுட் மர அறுப்பு ஆலைகளால் நிறைந்திருந்தது. தீபகற்ப மலேசியாவும் இந்தோனேசியாவும் 1985-ல் உருளைக் கட்டை ஏற்றுமதியைத் தடை செய்த பிறகு அந்த வியாபாரம் சுருங்கியது.

துறைமுகம் என்ற முறையில் பொறுப்பு இன்னும் இருக்கிறது. 2014-ல் மடகாஸ்கரிலிருந்து ஜூரோங்குக்கு வந்த ஒரு கப்பலில் 29,000-க்கு மேற்பட்ட ரோஸ்வுட் கட்டைகள் பிடிபட்டன. அது இறக்குமதியா, வழியில் கடந்துபோகும் சரக்கா என்ற வாதத்தில் வழக்கு நீண்டு, 2019-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவர்களை விடுவித்தது. நம் அருகிவரும் உயிரினங்கள் சட்டம் அனைத்துலகப் பட்டியலில் இருக்கும் இனங்களைத்தான் காக்கிறது. ராமின் என்ற வகை மரம் அதில் உண்டு. நம் வீட்டில் அதிகம் புழங்கும் மெராந்தி அதில் இல்லை. அதனால் மெராந்தி விஷயத்தில் வாங்குகிறவர் கேட்கும் கேள்விக்குக் கனம் அதிகம்.

குத்தகையாளர் 'ஈ0 பிளைவுட், பச்சைப் பலகை' என்கிறார். நம்பலாமா?

ஈ0, ஈ1 என்பவை பலகையின் பசையிலிருந்து வெளிவரும் ஃபார்மால்டிஹைடு அளவைச் சொல்பவை. உங்கள் நுரையீரலுக்கு நல்லது. காட்டைப் பற்றி அவை ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. கடைகளில் இந்த இரண்டையும் கலந்து பேசுவது வழக்கமாகிவிட்டது.

காட்டைப் பற்றித் தெரிய எஃப்எஸ்சி அல்லது அதைப் போன்ற இன்னோர் அனைத்துலகத் திட்டமான பிஇஎஃப்சியின் முத்திரையைப் பாருங்கள். மலேசியாவின் சொந்த மரச் சான்றிதழ்த் திட்டமான எம்டிசிஎஸ்ஸை 2009-ல் பிஇஎஃப்சி ஏற்றுக்கொண்டது. எஃப்எஸ்சி முத்திரையில் 'சி' எழுத்தும் ஆறு இலக்க எண்ணும் இருக்கும். அதை அவர்களின் இணையத் தளத்தில் தட்டினால் நிறுவனத்தின் பெயர் வரவேண்டும். '100 விழுக்காடு' என்றால் முழுவதும் சான்றிதழ் பெற்ற காடு, 'கலவை' என்றால் ஒரு பகுதிதான். கடையில் தொங்கும் சான்றிதழ் கடைக்கானது. உங்கள் பலகையின் விலைச்சீட்டில் சான்றிதழ் எண் அச்சாகியிருக்கிறதா என்பதே கேள்வி. நான் முத்திரைகளை முழுதாக நம்புகிறவன் அல்ல, ஆனால் முத்திரையே இல்லாத பலகையைவிட அது மேல்.

பூஜை மாடத்துக்குத் தேக்குதான் வேண்டும் என்று அம்மா சொல்கிறார்.

அம்மா சொன்னால் தேக்குதான். எந்தத் தேக்கு என்பதை மட்டும் கேளுங்கள். தேக்கு மழைக்காட்டு மரமல்ல, பருவமழைக் காட்டு மரம். ஜாவாவின் தோட்டத் தேக்கு நடுவதும் வெட்டுவதுமாக நீண்டகாலம் நடக்கிறது. மியன்மாரின் காட்டுத் தேக்கு வேறு. அந்த நாடு 2014-ல் உருளைக் கட்டை ஏற்றுமதியை நிறுத்தியது. 2021 ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பின் அதன் அரசு மர நிறுவனத்தின் மீது அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் தடை விதித்தன. 'பர்மா தேக்கு' என்று பெருமையாகச் சொல்லும் கடையில் தாள் காட்டச் சொல்லுங்கள். பர்மாவிலும் நம் ஆனைமலை டாப்ஸ்லிப்பிலும் யானைகள் கட்டை இழுத்த காலம் ஒன்று இருந்தது. யானைக்கு ரோடு வேண்டாம், மண்ணும் அவ்வளவாக இறுகாது. யானைக்கு அது சுகமான வேலையாக இருந்ததா என்பது வேறு விஷயம்.

மெராந்திக்குப் பதில் என்ன வாங்கலாம்?

பால்மரம். நம் தாத்தா பாட்டிகள் விடியற்காலையில் கோப்பை வைத்துப் பால் வெட்டிய அதே ரப்பர் மரம்தான் இன்று ஜொகூரின் மூவாரில் சாப்பாட்டு மேசையாகிறது. 25, 30 ஆண்டு பால் தந்து ஓய்ந்த மரத்தை முன்பு விறகாக எரித்தார்கள். வெட்டியவுடன் போரான் மருந்து ஏற்றி, சூளையில் உலர்த்தினால் பூச்சி பிடிக்காமல் நன்றாக உழைக்கும். ஈரம் படும் இடத்துக்கும் வெளித் தாழ்வாரத்துக்கும் ஆகாது. புதிதாக இயற்கைக் காட்டை அழித்து ரப்பர் போட்ட இடங்களும் இந்த வட்டாரத்தில் உண்டு என்பதால் முத்திரையை இங்கும் பாருங்கள்.

பேசாமல் அலுமினியத்துக்கு மாறிவிடலாமா?

குளியலறைக் கதவுக்கு மாறுங்கள், நானும் மாறினேன். மற்றபடி அலுமினியம் உருக்க ஏராளமான மின்சாரம் வேண்டும், ஒழுங்காக வெட்டிய மரம் அதைவிடச் சுமை குறைந்தது. தவிர, நல்ல மரத்தை யாரும் வாங்காவிட்டால் டெராமாக்கோட் போன்ற காடுகளுக்கு வருமானம் எங்கிருந்து வரும்?

வீட்டைப் புதுப்பிக்கும்போது பழைய பலகையை என்ன செய்வது?

பழைய வீவக வீடுகள் சிலவற்றில் கதவும் சட்டமும் முழு மரம். இன்று அந்தத் தரத்தில் வாங்கினால் விலை கண்ணைக் கட்டும். உடைத்து எடுக்காமல் கழற்றி எடுக்கச் சொல்லி விலைப்பட்டியலிலேயே எழுதிவாங்குங்கள். இல்லையென்றால் நீங்கள் வேலைக்குப் போன நேரத்தில் சுத்தியல்தான் பேசும். இழைத்து எண்ணெய் தேய்த்தால் அதிலேயே அலமாரித் தட்டும் பிள்ளைகளின் படிப்பு மேசையும் செய்யலாம். தச்சர் முணுமுணுப்பார், பழைய ஆணி ரம்பப் பல்லை உடைக்கும் என்பார். ஆணி பிடுங்கும் கூலியைத் தனியாகப் பேசிக்கொள்ளுங்கள்.